கோர்ட் கலையும் வரை

இன்று காலை முருங்கைக்கும் மல்லிகைக்கும் தண்ணீர் விட ஒரு குழாய் வாங்கலாம் என்று ஹார்டுவேர் கடைக்குப் போனேன். அண்ணாச்சி புதுச் சுருள் ஒன்றை எடுத்துக் கட்டை அவிழ்த்தார். ரப்பரும் அதன்மேல் தூவியிருந்த வெள்ளை மாவும் கலந்த வாசம் எழுந்ததுமே எனக்குக் கடை மறந்துபோயிற்று. புதுக் குழாய் போட்ட வாரம் முழுக்க நீ படகோரத்தில் துப்பிக்கொண்டே இருப்பாய். "டயரத் தின்ன மாதிரி இருக்குலே" என்பாய். அண்ணாச்சி, "எத்தன மீட்டர் வெட்ட?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பிவிட்டேன்.

வந்ததும் எழுத உட்கார்ந்திருக்கிறேன். உன் வழக்கில் தீர்ப்பு வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. உன்னிடம் இன்னும் சொல்லவில்லையே என்று மனதுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. கல்லறைக்குப் போய்ச் சொல்லலாம் என்றால், அங்கே தனியாக நின்று பேசுகிறவர்களைப் பார்த்து நீயும் நானும் எத்தனை முறை சிரித்திருக்கிறோம். கரையில் உட்கார்ந்து பேப்பரை வாய்விட்டுப் படிக்கிறேன் என்பதற்காக என்னை "வாத்தியாரே" என்று கிண்டல் பண்ணுவாயே. அந்த வாத்தியார் உனக்கு எழுதியே சொல்கிறான்.

நீ சங்கு குளிக்க இறங்குவாய். நான் மேலே வள்ளத்தில் உன் குழாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பத்துப் பன்னிரண்டு பாகம், அறுபது எழுபது அடி ஆழத்தில் நீ இழுக்கிற ஒவ்வொரு மூச்சும் அந்தக் குழாய் வழியாகத்தான் வரவேண்டும். காற்றடிக்கிற கம்ப்ரசரின் சத்தம் மாறுகிறதா, குழாய் எங்காவது மடிகிறதா, உன் குமிழிகள் உடையவேண்டிய இடத்தில் உடைகின்றனவா, இடுப்புக் கயிற்றை நீ இழுக்கிறாயா என்று நான் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். இருபது வருஷத்துக்கு மேல் நான் பார்த்த வேலை, பார்ப்பதுதான். அதற்குப் படிப்பு வேண்டாம், பலமும் வேண்டாம். கண்ணை எடுக்காமல் இருந்தால் போதும். வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணில் குத்தும். கால் மரத்துப்போகும். மூத்திரம் முட்டும். பக்கத்து வள்ளத்தில் எவனாவது பாடுவான், எவனாவது சண்டை போடுவான். திரும்பக் கூடாது. முதல் நாளே நீ சொல்லிவிட்டாய்: "நீ கண்ண எடுத்தா நான் மேல வர மாட்டேன்லே. மேலேயே போயிருவேன்."

இதைச் சொல்வதால் உன்னைப் புனிதராக்குகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. சீட்டாட்டத்தில் நீ பண்ணிய கள்ளத்தனம் ஊருக்கே தெரியும். கோயில் திருவிழாக் கமிட்டியில் நான் வேறு ஆளுக்குக் கை தூக்கினேன் என்று ஒரு பருவம் முழுக்க என்னோடு பேசாமல் இருந்தவன் நீ. ஆனால் அந்தப் பருவத்திலும் தினமும் என் கையில்தான் குழாயைக் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினாய். பேச்சைக் கொடுக்கமாட்டாய், மூச்சை மட்டும் கொடுப்பாய். அப்படி ஒரு வீம்பு பிடித்த மனிதன்.

உன்னைக் கொன்றவனுக்கு இதெல்லாம் தெரியாது. அவன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. உன் பெயரையே எழுதாத மடலில் அவன் பெயருக்கு என்ன வேலை. முப்பது வயதிருக்கும். ஏதோ ஒரு கம்பெனியில் மேனேஜர். சலவைச் சட்டை, வெள்ளைக் கார். அவனைப் பற்றி அவ்வளவு தெரிந்தால் போதும்.

அன்றைக்குப் புன்னைக்காயலில் ஞானஸ்நான வீடு. நீ மொபெட்டை ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து புறப்பட்டோம். முத்தையாபுரம் தாண்டி, உப்பளம் வெள்ளையாய்க் கிடக்கிற இடத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். வண்டியைத் தார் ரோட்டை விட்டு நன்றாக இறக்கி, மண்ணில் நிறுத்தினாய். பாதி டீயில், பிள்ளைக்கு வாங்கிய துணிமூட்டை வண்டியிலிருந்து சரிவது உன் கண்ணில் பட்டது. "ஏலே, இதப் பிடி" என்று கிளாஸை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாய். குனிந்து கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாய். நான் இரண்டு கையிலும் இரண்டு கிளாஸோடு உன்னைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பழக்கம், வேறென்ன.

நேரான ரோடு. வளைவு இல்லை, மரம் இல்லை, எதிரே வண்டி இல்லை, ஆடு மாடு இல்லை. அந்த ரோட்டில் ஒருவன் போய் எதன்மேலாவது மோதவேண்டும் என்றால் அதற்கென்று தனியாகப் பாடுபடவேண்டும். அந்த வெள்ளைக் கார், தூக்கத்தில் ஒரு ஆள் புரண்டு படுப்பதைப் போல, மெல்லத் தாரை விட்டு மண்ணுக்கு இறங்கியது. நான் கத்தினேன். உனக்குக் கேட்கவில்லை. கடல் உன் இடது காதை எப்போதோ எடுத்துக்கொண்டிருந்தது. பிரேக் சத்தம் கார் உன்மேல் ஏறின பிறகுதான் கேட்டது.

அவன் இறங்கினான். கையில் போன். அதிலிருந்து பல பேர் சேர்ந்து சிரிக்கிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. அதை நிறுத்தவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே கொஞ்ச நேரம் பிடித்தது. நான் உன் தலையை மடியில் வைத்திருந்தேன். ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே மூச்சு நின்றுவிட்டது. அத்தனை வருஷம் என் கைவழியாகப் போன மூச்சு. அப்போதும் நான் கண்ணை எடுக்காமல்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூடிய கூட்டத்தையும் பற்றிச் சொல்லவேண்டும். இரண்டு பேர் உன்னைப் படம் எடுத்தார்கள். ஒருவன் காரோட்டியின் சட்டையைப் பிடித்து உலுக்கி, "இவனுவள நடு ரோட்டுல தூக்குல போடணும்" என்று கத்தினான். போலீஸ் தலை தெரிந்ததும் அந்த வீரன் ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு, யாருக்கோ இதே கதையைச் சொல்லியபடி பைக்கை ஓட்டிப் போனான். தூக்கில் போடு என்று கத்துகிறவர்கள்மேல் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச மதிப்பும் அன்றோடு போயிற்று. அவர்களுக்கும் காரோட்டிக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். அவர்கள் வழியில் இன்னும் ஆள் வந்து நிற்கவில்லை.

அடக்கத்துக்குக் கம்பெனியிலிருந்து ஒரு மலர்வளையம் வந்தது. கம்பெனியின் பெயர் பெரிதாக, உன் பெயர் சிறிதாக, அதுவும் எழுத்துப் பிழையோடு. கொண்டுவந்த இரண்டு பேரும் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். பிறகு ஆறுதல்காரர்கள். "விதி" என்றார்கள். "நேரம்" என்றார்கள். "கடல்ல போவாத உயிரு ரோட்டுல போவணும்னு எழுதியிருக்கு" என்று ஒருவர் கவிதைபோலச் சொல்லிவிட்டுக் காபியை உறிஞ்சினார். எழுதினவன் ஏன் ஒரு போனையும் சேர்த்து எழுதினான் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. நான் கேட்டிருப்பேன். உன் வீட்டுக்காரி அருள்மேரி வேண்டாம் என்பதுபோல என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டாள்.

உன் பெண்டாட்டியைப் பற்றி நீ பெருமைப்படலாம். முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு, காரோட்டியின் தாய்மாமன் என்று ஒருவர் பழக்கூடையோடு வீட்டுக்கு வந்தார். தங்க பிரேம் கண்ணாடி, நல்ல சந்தன வாசம். நானும் அங்கேதான் இருந்தேன். பையனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, வெளிநாட்டு வேலை கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, இந்தக் கேஸால் எல்லாம் நின்றுவிடும் என்றார். கோர்ட்டில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துச் சொன்னால் போதும், என்ன வேண்டுமானாலும் செய்கிறோம் என்றார்.

"தெரியாம நடந்துபோச்சும்மா" என்றார்.

"எது தெரியாம? ரோடு தெரியலியா, ஆளு தெரியலியா?" என்று அருள்மேரி கேட்டாள்.

"கவனக்குறைவுதாம்மா. யாருக்கும் வரக்கூடியதுதான்."

"அதத்தான் நானும் கேக்கேன். அவரு கவனம் அன்னைக்கு எங்கன போயிருந்துச்சு? அத வந்து சொல்லச் சொல்லுங்க. மத்தது பொறவு பேசுவோம்."

மாமன் எழுந்துவிட்டார். கூடையை அவள் திருப்பிக் கொடுத்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது அவர் என்னிடம் மெதுவாக, "படிக்காதவுங்க, புரிஞ்சுக்க மாட்டாங்க" என்றார். நானும் அந்தப் படிக்காத கூட்டம்தான் என்பது என் சலவை வேட்டியால் அவருக்குத் தெரியாமல் போயிற்று.

கவனக்குறைவு. வழக்கு நடந்த காலம் முழுக்க இந்தச் சொல்லை என் காது புளிக்கக் கேட்டேன். குழம்பில் உப்புக் குறைவு, சட்டையில் துணி குறைவு என்பதுபோல அதைச் சொல்கிறார்கள். அவனிடம் கவனம் ஒன்றும் குறையவில்லை. முழுசாக இருந்தது. அதை ரோட்டிலிருந்து எடுத்துப் போனுக்குக் கொடுத்தான், அவ்வளவுதான். குறைந்து போனது என்றால் யாரும் பொறுப்பில்லை. எடுத்துக் கொடுத்தான் என்றால் எடுத்த கை ஒன்று இருக்கவேண்டும். அதனால்தான் மெனக்கெட்டு அந்தச் சொல்லைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் மிக்கேலைப் பற்றிப் பேசாமல் என்னால் மேலே போக முடியாது. நீ உயிரோடு இருந்தபோது அந்தப் பேச்சை எடுக்க விடமாட்டாய். இப்போது தடுக்க முடியாதே.

உன் சித்தி மகன் செத்த வருஷம். அவன் வேறு வள்ளத்தில் சங்கு குளித்துக்கொண்டிருந்தான், மிக்கேல் அவனுக்குக் குழாய் பிடித்திருந்தான். பக்கத்து வள்ளத்தில் இரண்டு பேர் கட்டிப் புரண்டு சண்டை போட, மிக்கேல் எழுந்து நின்று அதை வேடிக்கை பார்த்தான். நங்கூரக் கயிற்றுக்கும் வள்ளத்துக்கும் நடுவில் குழாய் நசுங்கியதை அவன் பார்க்கவில்லை. மூச்சு வராமல் ஒரேயடியாக மேலே வந்த உன் தம்பி, கரை சேர்வதற்குள் போய்விட்டான்.

கரையில் ஊர்க்காரர்கள் துடுப்போடு நின்றார்கள். மிக்கேலைக் கொன்று போட்டிருப்பார்கள். நீ நேராகப் போய் ஓங்கி ஒரு அறை அறைந்தாய். அதற்குப் பிறகு வேறு எவனையும் தொட விடவில்லை. போலீஸ் கேஸ் ஒன்று நடந்து, எப்படியோ முடிந்தது. எனக்கு அது ஞாபகம்கூட இல்லை. மறுநாள் நீ செய்ததுதான் ஞாபகம் இருக்கிறது. மிக்கேலைக் கையைப் பிடித்துச் சித்தி வீட்டுக்குக் கூட்டிப் போனாய். நானும் வந்தேன். "என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்தேன்னு சித்திகிட்ட நீயே உன் வாயால சொல்லு" என்றாய்.

மிக்கேல், "சண்ட போட்டுக்கிட்டு இருந்தானுவ சித்தி. அதப் பாத்துட்டேன்" என்றான்.

சித்தி அவனை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "யாரு செயிச்சா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியில் கிண்டல் இல்லை. தன் பிள்ளைக்குப் பதிலாக அவன் பார்த்தது என்னவென்று முழுசாகத் தெரிந்துகொள்ள நினைத்தாள். மிக்கேல் அப்படியே தரையில் உட்கார்ந்து, தலையை முட்டிக்குள் வைத்துக்கொண்டான். எந்தச் சிறையில் எத்தனை வருஷம் போட்டாலும் ஒரு மனிதனுக்கு அப்படி உறைத்திருக்காது.

வெளியே வந்ததும் நீ ஒன்றே ஒன்று சொன்னாய். "இனிமே இந்தக் கரையில எந்த வள்ளத்துலயும் நீ குழாயத் தொடக் கூடாது. சாவுற வரைக்கும்." அவன் சரி என்றான். சில வருஷம் கழித்து, பிள்ளைகளைக் காட்டிக் கெஞ்சினான். "வேற என்ன வேல வேணும்னாலும் கேளு, வாங்கித் தாரேன். அது மட்டும் கேக்காத" என்றாய். ஐஸ் பேக்டரியில் சேர்த்துவிட்டவனும் நீதான். அவன் மகள் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவனும் நீதான். அவனை ஊர் ஒதுக்க நீ விடவில்லை, குழாயைத் தொடவும் விடவில்லை. இந்த இரண்டையும் ஒருவன் சேர்த்துச் செய்ய முடியும் என்பதை நான் அதற்கு முன்பும் கண்டதில்லை, பிறகும் கண்டதில்லை.

எனக்கு இந்தக் காரோட்டி செத்து ஒழியவேண்டாம். பத்து வருஷம் கம்பி எண்ணவும் வேண்டாம். என்ன பார்த்தேன் என்று அருள்மேரியின் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. கொஞ்ச காலம் உள்ளே இருந்தால் நல்லது, அவனுக்கே நல்லது. இவ்வளவுதான் என் கணக்கு. இதைக் கேட்க எனக்கு ஒரு இடம் இருக்கும் என்று நம்பிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன் பார், என்னை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

வாய்தா, வாய்தா, வாய்தா. ஒரு நாள் அவன் வரவில்லை, ஒரு நாள் வக்கீல் வரவில்லை, ஒரு நாள் நடுவருக்கு மாற்றல். கடைசியாக என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். கண்ணால் பார்த்த சாட்சி. அவனுடைய வக்கீல் நல்ல குரல் வளம் உள்ள ஆள்.

"காலை நேரம், சூரிய வெளிச்சம் டிரைவர் கண்ணுல அடிச்சிருக்கு. சரிதானே?" என்றார்.

"சூரியன் கடல் பக்கத்துல இருந்துச்சு. இவரு திருச்செந்தூரப் பாத்துப் போனாரு. கண்ணுல அடிக்கணும்னா தலையத் திருப்பி வச்சிருந்திருக்கணும்" என்றேன்.

அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. சூரியன் போனால் போகட்டும் என்று அடுத்ததற்குத் தாவினார். "இறந்தவருக்குக் காது கேக்காதுல்ல?"

"இடது காது கேக்காது."

"காது கேக்காத ஒருத்தர் ரோட்டோரத்துல, வண்டி வர்ற பக்கத்துக்கு முதுகக் காட்டிக் குனிஞ்சு நின்னது அவருடைய கவனக்குறைவுன்னு சொல்லலாமா?"

நான் நடுவரைப் பார்த்தேன். அவர் எழுதிக்கொண்டிருந்தார். அரசு வக்கீலைப் பார்த்தேன். அவர் அடுத்த கேஸ் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். நாற்பது வருஷம் கடலுக்குக் கொடுத்த காதை எடுத்து உன்மேலேயே குற்றமாகச் சாத்துகிறார் ஒரு மனிதர். அந்த அறையில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. "ரோடு அந்தப் பக்கம், அவன் நின்னது மண்ணுல" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கீழே இறங்கும்போது அந்த வக்கீல், ஆட்டம் முடிந்தவர்போல் எனக்கு ஒரு புன்னகை வேறு கொடுத்தார்.

அன்றைக்கு வராந்தாவில் மிக்கேல் நின்றிருந்தான். எனக்குத் தெரியாமல் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து தூரத்தில் நின்றிருக்கிறான். தலை முழுக்க நரைத்துவிட்டது. நடந்ததைச் சொன்னேன். அவன், "அண்ணே, எனக்கு ஒருத்தர் தண்டன கொடுத்தாரு. அதனாலதான் நான் இன்னைக்கும் இந்த ஊருல தலை நிமுந்து நடக்கேன். இந்தப் பையனுக்குக் கொடுக்க ஒருத்தருமில்லையே" என்றான். அவன் காரோட்டிக்காக வருத்தப்படுகிறான் என்று புரிய எனக்குச் சற்று நேரமாயிற்று. எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

அதற்கடுத்த வாய்தா ஒன்றில் எல்லாமே தலைகீழாயிற்று. காரோட்டி குற்றத்தை ஒப்புக்கொள்கிறான் என்று வக்கீல் எழுந்து சொன்னார். எனக்கு ஒரு கணம் உள்ளே ஏதோ இளகியது. பிறகுதான் தெரிந்தது, வெளிநாட்டு வேலைக்கு நாள் நெருங்கிவிட்டதாம், கேஸ் நீளாமல் சீக்கிரம் முடியவேண்டுமாம். வக்கீல் அடுக்கினார்: இளம் வயது, முதல் குற்றம், பெற்றோருக்கு ஒரே பிள்ளை, புது மனைவி, இத்தனை வருஷமாக மன உளைச்சல். அவர் சொல்லச் சொல்ல, அந்த ரோட்டில் அடிபட்டவன் அவன்தானோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று நடுவர் அவனைக் கேட்டார்.

அவன் வக்கீலைப் பார்த்தான். வக்கீல் தலையசைத்தார். "சாரி சார்" என்றான், நடுவரிடம். காரை நடுவர்மேலா ஏற்றினான்?

நான் எழுந்துவிட்டேன். "ஐயா, அன்னைக்கு என்ன பாத்துக்கிட்டு ஓட்டுனாருன்னு மட்டும் கேளுங்க" என்றேன். டவாலி ஓடிவந்து என் தோளை அமுக்கினார். "அதெல்லாம் ரெக்கார்டுல இல்ல. உக்காருங்க பெரியவரே" என்றார் நடுவர், கோபமில்லாமல். எல்லாருமே அன்றைக்கு அப்படித்தான் இருந்தார்கள், கோபமில்லாமல். கோபப்படும் அளவுக்கு அங்கே ஒன்றும் நடந்துவிடவில்லை.

கோர்ட் கலையும் வரை சிறைத்தண்டனை, அபராதம். அதுதான் தீர்ப்பு. அப்படி ஒரு தண்டனை இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நடுவர் எழுந்து போகும் வரைக்கும் குற்றவாளி கோர்ட்டில் உட்கார்ந்திருக்கவேண்டும். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாதவனைப் பெஞ்சில் உட்கார்த்துவதுபோல. லைசென்ஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அருள்மேரி அரசு வக்கீலிடம் போய், "இது போதாதுன்னு மேல கேக்கலாமா?" என்றாள். தண்டனை போதாது என்று கேட்கிற உரிமை அரசாங்கத்துக்குத்தான் உண்டாம், செத்தவன் பெண்டாட்டிக்குக் கிடையாதாம். அரசாங்கம் கேட்குமா என்றாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் போகவில்லை. அவன் தண்டனையை அனுபவிப்பதைப் பார்க்கவேண்டும் என்று எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். பார்ப்பதுதானே என் வேலை. மின்விசிறிக்குக் கீழே அவனுக்கு இடம் கிடைத்தது. ஜூனியர் வக்கீல் ஒருவர் ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். கொஞ்ச நேரம் நகத்தைப் பார்த்தான். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான். பிறகு பெஞ்சுக்குக் கீழே கையைத் தாழ்த்தி, போனைப் பார்க்கத் தொடங்கினான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முறைகூட அவன் நிமிரவில்லை. என்னைப் போன்ற ஒரு ஆள் அத்தனை நேரம் எதிரே உட்கார்ந்து வெறித்தால் யாருக்கும் உறுத்தும். அவனுக்கு உறுத்தவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவன் கவனம் சிதறவே இல்லை.

அந்தத் தண்டனையாவது சாயங்காலம் வரை நீளும் என்று நினைத்தேன். யாரோ ஒரு மூத்த வக்கீல் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. இரங்கல் தெரிவித்து, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கோர்ட் கலைந்துவிட்டது. ஒரு சாவுக்கு மரியாதை செய்ய எழுந்து நின்றார்கள், உன் சாவுக்கான சிறைவாசம் அதோடு முடிந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் அவன் கார் நின்றது. வேறு கார், இதுவும் வெள்ளை. அவனே கதவைத் திறந்து ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தான். நான் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். பயந்திருக்கவேண்டும், முதலில் இறக்கவில்லை. தனியாக வந்த கிழவன்தான் என்று தெரிந்ததும் பாதி இறக்கினான்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கேஸ் முடிஞ்சுபோச்சு, இனிமே ஒண்ணும் ஆவாது. அன்னைக்கு போன்ல என்ன பாத்துக்கிட்டு இருந்தீங்க? சிரிப்புச் சத்தம் கேட்டுச்சே."

அவன்மேல் எனக்கு எவ்வளவு இளக்காரம் இருந்தாலும் இதை மறைக்க மாட்டேன். அவன் யோசித்தான். புருவத்தைச் சுருக்கி, நிஜமாகவே யோசித்தான். பொய் சொல்லவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

"ஞாபகம் இல்ல அங்கிள்" என்றான்.

கண்ணாடி ஏறிவிட்டது. இரண்டு பக்கமும் பார்த்து, நிதானமாகத்தான் வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

உன் வீட்டுக்குப் போனபோது அருள்மேரி அடுப்படியில் இருந்தாள். நான் அவனிடம் பேசப் போவேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "என்னமும் சொன்னானா அண்ணே?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல" என்றேன்.

சோறு போட்டாள். சாப்பிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு மூன்று முறை கேட்டுவிட்டாள், வேறு வேறு பேச்சின் நடுவில், சும்மா கேட்பதுபோல. ஒவ்வொரு முறையும் அதே பதிலைத்தான் சொல்கிறேன். சித்திக்குத் தன் பிள்ளைக்கு ஈடாக ஒரு சண்டையாவது கிடைத்தது. இவளுக்கு அதுவும் இல்லை. தன் புருஷன் எதற்காகச் செத்தான் என்பதைக் கொன்றவனே மறந்துவிட்டான் என்று அவளிடம் எந்த வாயால் சொல்ல? உன்னிடம் சொல்லிவிட்டேன், நீ தாங்குவாய். அந்த மூன்று வார்த்தை அவள் காதுக்குப் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போது எனக்கு இருக்கிற வேலை. சாகும் வரைக்கும் பார்ப்பேன்.